இடியப்ப உரலும் மருந்தடிக்கிற டாங்கியும்

யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கம் வெளிநாட்டுக் காசில் எழும்பிய வீடுகளுக்கு முன்னால் புல்தரை இப்போது ஒரு கட்டாயம்போல ஆகிவிட்டது. கூட்டித் தண்ணீர் தெளித்த மணல் முற்றம் இருந்த இடத்தில் சதுரம் சதுரமாக மலேசியன் புல் பதிக்கிறார்கள். கார்த்திகை மழை விட்டதும் அதற்குள்ளிருந்து கோரை தலை நீட்டும். கீழ்க்காய்நெல்லியும் சாரணையும் படரும். வேலியோரம் பார்த்தீனியம் வெள்ளையாய்ப் பூக்கும். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, குனிந்து உழவாரம் பிடிக்க முடியாத வயதில் பெற்றோர் இங்கே இருப்பார்கள். கடைசியில் யாரோ ஒருவர் மருந்தடிக்கிற டாங்கி வாங்கக் கடைக்குப் போவார்.

“அண்ணை, வீட்டுப் புல்லுக்குள்ள ஒரே களை. அடிக்க ஒரு டாங்கி வேணும்.”

“பதினாறு லீற்றர் இருக்கு தம்பி. எல்லாரும் அதைத்தான் கொண்டுபோகினம். பற்றரியோ, கையாலை அடிக்கிறதோ?”

பேச்சு இவ்வளவுதான். எத்தனை லீற்றர், பற்றரியா கையா, என்ன விலை. குழாயின் நுனியில் விரல் நகத்தளவில் இருக்கும் நொசிலைப் பற்றி வாங்குகிறவரும் கேட்கமாட்டார், விற்கிறவரும் வாய் திறக்கமாட்டார். களை சாவதும் சாகாததும், பக்கத்து வளவு முருங்கை தப்புவதும் தப்பாததும் பெரும்பாலும் அந்த நகத்தளவுச் சாமானில்தான் இருக்கிறது.

இடியப்ப உரல் வாங்கும்போது நாங்கள் இப்படிச் செய்வதில்லை. எவ்வளவு மா கொள்ளும் என்பது பிறகுதான். முதலில் அச்சைத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணைப் பார்க்கிறோம். கண்ணெல்லாம் ஒரே அளவா, ஓரத்தில் பிசிர் இருக்கிறதா என்று விரலால் தடவுகிறோம். பிழியும் கை எவ்வளவு பலமானாலும், அச்சில் கண் பிசகினால் தட்டில் விழுவது இடியப்பம் அல்ல என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். தெளிகருவியும் அதே வகைச் சாமான்தான். உள்ளே ஒரு சரக்கு, அதை அமுக்க ஒரு தண்டு, அமுக்கம் தாங்காமல் சரக்கு வெளியேற ஓர் அச்சு. உரலில் மா, தண்டு, அச்சு. டாங்கியில் மருந்துத் தண்ணீர், பம்பு, நொசில். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கடையில் எதைக் கேட்கவேண்டும் என்பது தானாக வந்துவிடும்.

அமுக்கும் தண்டிலிருந்து தொடங்கலாம். சந்தையில் கிடைப்பவை மூன்று விதம். முதலாவது ஒன்று, இரண்டு லீற்றரிலிருந்து எட்டு லீற்றர்வரை வரும் கைப்பம்பு. இதில் தண்ணீரை நேரே அமுக்குவதில்லை. மேலே காற்றை அடித்து நிரப்புகிறோம், அந்தக் காற்று தண்ணீரைத் தள்ளுகிறது. அதனால்தான் முக்கால்வாசிக்கு மேல் நிரப்பக்கூடாது என்பார்கள், காற்றுக்கும் இடம் வேண்டும். அடிக்க அடிக்க அமுக்கம் இறங்கிக்கொண்டே போகும். காலைச் சாப்பாட்டுக்கு வீடு நிறைய ஆட்களிருந்தால் முதல் தட்டில் விழும் இடியப்பத்துக்கும் கை சோர்ந்த பிறகு விழும் இடியப்பத்துக்கும் வித்தியாசம் தெரியுமே, அதேதான். நடுவில் நின்று திரும்பவும் காற்றடித்தால் தீர்ந்தது.

இரண்டாவது முதுகில் சுமந்து ஒரு கையால் நெம்புகோலை அடித்துக்கொண்டே போகும் டாங்கி. பத்து லீற்றரிலும் உண்டு, ஆனால் தோட்டக்காரர் வாங்குவது பதினாறு. ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் விட்டு விட்டுத் தள்ளப்படும், ஆனால் நொசிலில் அப்படித் தெரியாது. உள்ளே காற்றுப் பிடித்து வைக்கும் ஒரு சின்ன அறை இருப்பதால்தான் அந்தத் துடிப்பு சமனாகிறது. விலை குறைந்த டாங்கிகளில் இந்த அறை சிறிதாக இருக்கும். கடையிலேயே தண்ணீர் ஊற்றி அடித்துப் பார்த்தால், தெளிப்பு மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அப்படிப்பட்டதை வைத்துவிட்டு வரலாம்.

மூன்றாவது பற்றரி. 12 வோல்ற்றில் ஓடும் சின்னப் பம்பு, கைக்கு வேலையில்லை, அமுக்கம் ஓரளவு ஒரே சீராக இருக்கும். முழங்கை வலிக்கும் வயதினருக்கு இது நல்லதுதான். ஒரு குமிழ் வைத்து அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையாகப் பார்த்து எடுக்கவேண்டும். ஏன் என்பது கீழே வருகிறது. எஞ்சினில் ஓடி காற்றோடு ஊதும் பெரிய மெசினைக் களைக்கு யாராவது இரவல் தந்தாலும் வாங்கவேண்டாம். வேலிக்கு இந்தப் பக்கம் அடித்தது அந்தப் பக்கம் போய் நிற்கும்.

இனி அச்சு. இதில் கொஞ்சம் நின்று போகவேண்டும்.

முதுகில் சுமக்கும் டாங்கி புல்லுக்காகப் பிறந்ததல்ல. 1880களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் பூஞ்சண நோய் பரவியபோது, நீலத்துரிசும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையைக் கொடிகளுக்கு அடிக்க விக்டர் வெர்மொரெல் போன்றவர்கள் செய்த கருவிகள்தான் இதற்கு மூதாதை. நோய்க்கும் பூச்சிக்கும் அடிக்கும்போது இலையின் மேலும் கீழும், காம்பின் இடுக்கும் நனையவேண்டும். அதற்கு மெல்லிய துளிகள் சுழன்று கூம்பாக விரியவேண்டும். எங்கள் முந்திரிகைத் தோட்டத்துக்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அதுதான் பொருத்தம். கடையில் டாங்கியோடு சேர்ந்து வரும் நொசில் பெரும்பாலும் இந்தக் கூம்பு நொசில்தான். அதைக் கொண்டு களைக்கு அடிப்பது, அவசரத்துக்கு முறுக்கு அச்சைப் போட்டு இடியப்பம் பிழிவதற்குச் சமம். ஏதோ ஒன்று விழும்.

களைக்கு வேண்டியது தட்டையாக, விசிறிபோல விரியும் நொசில். முனையைப் பார்த்தால் கூம்பு நொசிலில் வட்டத் துளை தெரியும், விசிறி நொசிலில் பூனைக் கண்போல ஒரு நீள்கீறல் தெரியும். தண்ணீர் ஒரு தட்டில் மோதிக் கீழ்நோக்கி அகலமாய்ப் பரவும் இன்னொரு வகையும் களைக்கு நல்லது. அது குறைந்த அமுக்கத்தில் பெரிய துளிகளைத் தரும். சர்வதேச நியமப்படி விசிறி நொசில்களின் பருமனை நிறத்தால் அறியலாம். 01 செம்மஞ்சள், 02 மஞ்சள், 03 நீலம், 04 சிவப்பு. மஞ்சள் 02 என்றால் 3 பார் அமுக்கத்தில் நிமிடத்துக்கு 0.8 லீற்றர் விடும். நீலம் 1.2 லீற்றர். வீட்டுப் புல்லுக்கு இவ்விரண்டில் ஒன்று போதும்.

உரலும் டாங்கியும் பிரியும் இடம் ஒன்று உண்டு. உரலை எவ்வளவு ஊன்றி அமுக்கினாலும் இழை மெலியாது, வேகமாக விழும், அவ்வளவுதான். தண்ணீர் அப்படியல்ல. நொசிலிலிருந்து அது மெல்லிய தாளாக வெளிவந்து, பிய்ந்து துளியாகிறது. அமுக்கம் கூடினால் துளி பொடியாகும். ஒரு துளியின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதே தண்ணீரில் எட்டுத் துளி. மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு பருமனுள்ள துளி, காற்றே இல்லாத இடத்தில்கூட 3 மீற்றர் விழ ஏறத்தாழ 10 செக்கன் எடுக்கும். அதைப்போல நான்கு மடங்கு பருமனான துளிக்கு 2 செக்கன் போதும். சோளகம் வீசும் மாதங்களில் அந்தப் பத்துச் செக்கனுக்குள் துளி எங்கே போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள். புகைபோல அழகாகப் பறப்பதைப் பார்த்து “நல்லா அடிக்குது” என்று மகிழ்கிறவர்கள் உண்டு. பூச்சிக்கு அது சரி. களைக்கு அது கேடு.

இதோடு இன்னொரு கணக்கு. தண்ணீர் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் அமுக்கத்தை நான்கு மடங்காக்கவேண்டும். எனவே கூடுதலாக விழவேண்டும் என்பதற்காகப் பம்பை மூச்சைப் பிடித்து அடிப்பதில் பயனில்லை. துளிதான் பொடியாகும். கூடுதலாக வேண்டுமென்றால் அச்சை மாற்றவேண்டும். பற்றரி டாங்கியில் அமுக்கத்தைக் குறைக்கக் குமிழ் வேண்டும் என்றதும் இதற்காகத்தான். களைக்கு 1 முதல் 2 பார் தாராளம்.

நொசில் எதனால் செய்தது என்பதில் எங்களூருக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. பித்தளை என்றால் உரம் என்று நம்பிக்கை. மர உரலில் பித்தளை அச்சுப் போட்டுத் தலைமுறை தலைமுறையாய்ப் பிழிந்த ஊர் அல்லவா. ஆனால் நொசிலில் கதை வேறு. மணலும் மருந்துத் துகளும் வேகமாகப் பாயும்போது விரைவில் தேய்வது பித்தளைதான். நல்ல பிளாஸ்ரிக் நொசில் அதைவிட நின்று பிடிக்கும். எவர்சில்வரும் பீங்கானும் இன்னும் அதிகம். தேய்ந்த நொசில் பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும், ஆனால் கூடுதலாக விடும். ஒரு நிமிடம் அளவுச்சாடிக்குள் அடித்து அளந்தால் வெளிச்சமாகிவிடும். பத்து வீதத்துக்கு மேல் கூடியிருந்தால் மாற்றவேண்டியதுதான்.

அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? அச்சுக் கண் அடைத்தால் ஈர்க்குக் கொண்டு குத்துவோம். நொசிலுக்கு ஈர்க்கும் ஆகாது, குண்டூசி அறவே ஆகாது. கீறலின் ஓரம் சிதைந்தால் விசிறி ஒரு பக்கம் சாயும். வாயால் ஊதுகிறவர்களையும் கண்டிருக்கிறேன், அது வேறு ஆபத்து. பழைய பல்துலக்கும் தூரிகையும் தண்ணீரும் போதும். அதைவிட நல்லது அடைக்காமல் பார்ப்பது. மாவை அரிதட்டில் அரித்தல்லவா குழைக்கிறோம். டாங்கியின் வாயில் ஒரு வலை, கைப்பிடிக்குள் ஒன்று, நொசிலுக்குப் பின்னால் ஒன்று என்று மூன்று அரிப்பும் இருக்கிறதா என்று வாங்கும்போதே கழற்றிப் பார்க்கவேண்டும். விலை குறைந்தவற்றில் கடைசி இரண்டும் காணாமல் போயிருக்கும்.

அடுத்தது பிழியும் கை. தட்டில் இடியப்பம் பிழியும்போது கை ஒரே வேகத்தில் வட்டம் சுற்றினால்தான் சீராக விழும். ஓரிடத்தில் தயங்கினால் கட்டி. மருந்தடிக்கும்போது அந்தக் கை உங்கள் நடை. குழாயை விளக்குமாறுபோல இடமும் வலமும் வீசக்கூடாது. முழங்கால் உயரத்தில் நிலையாகப் பிடித்து, ஒரு மீற்றர் அகலத்தை நனைத்தபடி நேரே நடக்கவேண்டும். விசிறியின் ஓரங்களில் தெளிப்பு மெலிவதால் அடுத்த வரிசை கொஞ்சம் மேவிவரவேண்டும்.

அளவு எப்படிப் போகும் என்று பாருங்கள். ஒரு பரப்பு 2,722.5 சதுர அடி, ஏறத்தாழ 253 சதுர மீற்றர். வீட்டு முன்புறப் புல்தரை அரைப் பரப்பு இருந்தாலே பெரிது. மஞ்சள் நொசில் 2 பாரில் நிமிடத்துக்கு சுமார் 650 மில்லிலீற்றர் விடும். செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் நடந்தால் அரைப் பரப்புக்கு ஒன்றரை லீற்றர்கூட முடியாது. அதில் பாதி வேகத்தில் நடந்தால் இரண்டே முக்கால் லீற்றர். மருந்தும் இரண்டு மடங்கு. நடை மாறினால் அளவு மாறிவிடுகிறது. இதில் பதினாறு லீற்றர் டாங்கிக்கு என்ன வேலை? தண்ணீர் மட்டுமே 16 கிலோ. நிரப்பிவிட்டால் மிஞ்சுவதை என்ன செய்வது என்று தெரியாமல், ஏற்கெனவே அடித்த களைக்கே திரும்பவும் அடிப்பார்கள். ஐந்து லீற்றர் கைப்பம்பு, நல்ல விசிறி நொசிலோடு, பெரும்பாலான வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து. ஒரு பரப்புக்கு மேலே புல்லிருந்தால் எட்டு.

உங்கள் நடையை அறிய வெறும் தண்ணீரை ஊற்றி, 10 மீற்றருக்கு 5 மீற்றர் இடம் அளந்து அடித்து, எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் சரி. அது ஒரு பரப்பில் ஏறத்தாழ ஐந்திலொன்று. சீமெந்து நிலத்தில் அடித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஈரம் காயும்போது ஓரிடம் முந்தியும் ஓரிடம் பிந்தியும் காய்ந்தால், நொசிலோ நடையோ சரியில்லை.

உரலும் சரி, அச்சும் சரி, கையும் சரி என்றாலும் மா பிசகினால் இடியப்பம் இல்லை. மானிப்பாயில் பலரும் கவனிக்காதது இந்த இடம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது. கேத்தில் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கை நோகாத வீடு இங்கே குறைவு. கல்சியமும் மக்னீசியமும் நிறைந்த அந்தத் தண்ணீரில் களைகொல்லியைக் கலந்தால், சில மருந்துகள் டாங்கிக்குள்ளேயே பாதி பலத்தை இழந்துவிடும். முக்கியமாகக் கிளைபோசேட். அது உலோக அயன்களைப் பிடித்துக்கொள்ளும் தன்மையுள்ளது. 1964இல் அமெரிக்காவில் அதற்குக் கிடைத்த முதல் காப்புரிமையே அந்தத் தன்மைக்காகத்தான். 1970இல் மொன்சான்ரோ நிறுவனத்தின் ஜோன் பிரான்ஸ் அது களையைக் கொல்லும் என்று கண்ட பிறகுதான் அது தோட்டத்துக்கு வந்தது. கல்சியத்தைப் பிடித்துக்கொண்ட மருந்து இலைக்குள் இலகுவில் இறங்காது. “மருந்து போலி” என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களில் சிலருடைய பிரச்சினை அவர்கள் வீட்டுக் கிணற்றில்தான் இருக்கிறது.

இந்தக் கடின நீரும் கிளைபோசேட்டும் இலங்கையில் பெரிய அரசியலாகவும் ஆனது. வடமத்திய மாகாணத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியபோது, கடின நீரிலுள்ள உலோகங்களோடு கிளைபோசேட் சேர்வதுதான் காரணமாக இருக்கலாம் என்று சன்ன ஜயசுமனவும் சக ஆய்வாளர்களும் 2014இல் ஒரு கருதுகோளை வைத்தார்கள். அது நிரூபணமாகவில்லை, எதிர்த்தவர்கள் பலர். ஆனாலும் 2015இல் இறக்குமதித் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்ந்தது. 2022இல் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் லேபிள் இல்லாத போத்தல்களில் என்னென்னவோ கைமாறின. அந்தப் பழக்கம் முற்றாக விட்டுப் போகவில்லை. லேபிள் இல்லாததை வாங்கக்கூடாது. சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. பூட்டுள்ள பெட்டியில்தான் வைக்கவேண்டும்.

கடின நீருக்கு வழி இருக்கிறது. பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் அதுவே மேல். கலங்கல் தண்ணீர் வேண்டாம், மண்ணோடும் கிளைபோசேட் ஒட்டிக்கொள்ளும். கிணற்றுத் தண்ணீர்தான் என்றால், லீற்றருக்கு 10 முதல் 20 கிராம்வரை அமோனியம் சல்பேற்றை முதலில் கரைத்து, பிறகு மருந்தை விடவேண்டும். வரிசை மாறக்கூடாது. கொதிநீரை ஊற்றி மாவைக் குழைக்க வேண்டியவர், பச்சைத் தண்ணீரில் பிசைந்துவிட்டுப் பிறகு சூடாக்கினால் இடியப்பமாகுமா?

எந்த மருந்து என்பதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். கிளைபோசேட்டுக்குப் புல் வேறு, களை வேறு என்று தெரியாது. புல்தரை முழுவதும் அடித்தால் மலேசியன் புல்லும் சேர்ந்து போய்விடும். கோரை முளைத்த இடத்தில், நுனியில் மூடி பொருத்திய குழாயால் தொட்டுத் தொட்டு அடிக்கவே அது ஆகும். கோரையைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் நின்றுவிடும், ஒன்று நாலாய் வரும். கிளைபோசேட் இலை வழியே கிழங்குக்கு இறங்கும் என்பதுதான் அதற்குள்ள மதிப்பு. அகன்ற இலைக் களைக்கு எம்சீபீஏ, 2,4-டி வகை மருந்துகள் உண்டு, அவை புல்லை விட்டு அகன்ற இலையை மட்டும் தாக்கும். ஆனால் மிளகாய், தக்காளி, புகையிலை, முந்திரிகை எல்லாம் அகன்ற இலைதான். வேலிக்கு அப்பால் இவற்றில் ஒன்று நின்றால், சிறிது காற்றில் போனாலும் இலை சுருண்டு முறுகும். வேலிக்கதியாலுக்காக வழக்குப் பேசிய ஊரில் இதற்கும் வழக்கு வரும். பார்த்தீனியத்துக்கு மருந்தே வேண்டாம். பூக்குமுன் கையுறை போட்டுப் பிடுங்கிவிட்டால் முடிந்தது.

வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த ஊர் மானிப்பாய். மருந்துப் போத்தலின் லேபிளில் தமிழும் இருக்கிறது. இருந்தும் மூடியால் “ஒரு குத்துமதிப்பு” ஊற்றுகிறவர்களே அதிகம். நீளக்கைச் சட்டை, கையுறை, சப்பாத்து போட்டு, லேபிளில் உள்ள அளவை அளவுச்சாடியால் அளந்து ஊற்ற ஐந்து நிமிடம் போதும். நேரம் காலை. இலையில் பனி காய்ந்து, காற்று மெல்ல அசையும்போது. அன்றைக்கு மழை வரும்போல் இருந்தால் வேண்டாம். தண்ணீரில்லாமல் வாடிக்கிடக்கும் களைக்கு அடித்தாலும் வீண், அது மருந்தை உறிஞ்சாது. மழை ஓய்ந்து களை தளதளவென்று நிற்கும் தை மாதம்தான் தோது.

களைக்கு வாங்கிய டாங்கியைக் களைக்கு மட்டும் வையுங்கள். 2,4-டி பிளாஸ்ரிக்கிலும் றப்பர்க் குழாயிலும் ஒட்டி நிற்கும். சும்மா அலசிவிட்டு அடுத்த கிழமை கத்தரிக்குப் பூச்சிமருந்து அடித்தால், பூச்சியோடு கத்தரியும் போகும். டாங்கியில் பெயின்ற்றால் பெரிதாகக் “களை” என்று எழுதிவிட்டால் இரவல் வாங்குகிறவருக்கும் தெரியும்.

கழுவுவதைக் கிணற்றடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. மானிப்பாய்க் கிணறுகளின் கீழே இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வடிபட நேரமெடுக்காமல் நீர்மட்டத்தை எட்டிவிடும். உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் கீழே தண்ணீர் ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் கொஞ்சத் தண்ணீராக விட்டு மூன்று முறை குலுக்கி அலசி, அந்தத் தண்ணீரையும் நொசில் வழியாகவே அடித்துவிடவேண்டும். குழாயும் அரிப்பும் அதோடு சுத்தமாகும். எங்கே அடிப்பது என்றால், இப்போது அடித்த அதே இடத்தில், தெளிப்பு மெலிந்திருந்த ஓரங்களில்.